மனநல சமூகப்பணிக்கு உரிமத் தேர்வு: எரிக்சன் மட்டும் போதுமா, தூத்தூரும் வேண்டாமா?

ஒரு தேர்வுக் கேள்வி. கற்பனைக் கேள்விதான், ஆனால் வருங்காலத்தில் யாராவது ஒருவர் இப்படி ஒன்றை எழுதியே ஆகவேண்டும்.

"தூத்தூர் பகுதியைச் சேர்ந்த 38 வயதுப் பெண். கணவர் ஆழ்கடல் மீனவர். ஓகி புயலில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. அரசின் நிவாரணத் தொகை வந்துவிட்டது. இன்றுவரை கணவரின் செல்போன் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறார். 'அவிய வந்திருவாவ' என்கிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வீடு ஒழுங்காக நடக்கிறது. சமூகப்பணியாளர் முதலில் செய்யவேண்டியது என்ன?

அ) அவர் மறுப்பு நிலையில் இருப்பதாகக் குறித்துக்கொண்டு, உண்மையை ஏற்க வைப்பது. ஆ) உடனே மனநல மருத்துவரிடம் அனுப்புவது. இ) பங்கு ஆலயத்தில் நினைவுத் திருப்பலி நடத்தச் சொல்வது. ஈ) அந்தக் காத்திருப்பு அவருக்கு என்னவாக இருக்கிறது என்று கேட்பது."

மனித வளர்ச்சிக் கோட்பாடுகளைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த ஒருவர் 'அ'வை டிக் செய்துவிட்டுப் போய்விடுவார். அதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2021-ல் நாடாளுமன்றம் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி என்று பெரிய பட்டியல் கொண்ட சட்டம் என்பதால் இதன் அட்டவணையில் இருக்கும் ஒரு வரி பலர் கண்ணில் படவே இல்லை. நடத்தைசார் சுகாதாரப் பிரிவின் கீழ் கிளினிக்கல் சமூகப்பணியாளர், மனநல சமூகப்பணியாளர், மருத்துவ சமூகப்பணியாளர் ஆகிய மூன்று பெயர்களும் அங்கே வருகின்றன. படிப்பை முடித்து வெளியேறும்போதோ உரிமம் பெறும்போதோ எழுதவேண்டிய ஒரே சீரான தேர்வைக் கொண்டுவர ஆணையத்துக்கு அதே சட்டம் வழி செய்திருக்கிறது. சமூகப்பணிக்கு அப்படி ஒரு தேர்வு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வரும்போது வினாத்தாளில் என்ன இருக்கவேண்டும் என்பதைப் பேச இதுதான் நேரம். வந்தபிறகு பேசினால் கோச்சிங் சென்டர்கள்தான் கேட்கும்.

உரிமம் எதற்கு என்று கேட்பவர்கள் ஏர்வாடியை நினைத்துப் பார்க்கலாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து இறந்தார்கள். மனநலம் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் நடத்தலாம் என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு தமிழ்நாட்டுக்கு வெளியே உதாரணம் தேடவேண்டியதில்லை.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே கிளினிக்கல் சமூகப்பணியாளர் என்பது உரிமம் பெற்ற தொழில். முதுநிலை சமூகப்பணிப் பட்டம், அதற்குப் பிறகு மேற்பார்வையின் கீழ் வேலை (பல மாநிலங்களில் இரண்டு ஆண்டு அல்லது சுமார் 3,000 மணி நேரம்), பிறகு கம்ப்யூட்டரில் ஒரு நீண்ட தேர்வு. அந்தத் தேர்வில் மனித வளர்ச்சி, பன்மைத்தன்மை, சூழலில் மனித நடத்தை என்ற பகுதி நீண்ட காலமாக ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைப் பிடித்துவந்திருக்கிறது. எரிக்சன், பியாஜே, பௌல்பி எல்லாம் அதில்தான் வருவார்கள். கேள்விகளும் மேலே பார்த்த மாதிரிதான்: 'முதலில்' என்ன செய்வீர்கள், 'அடுத்து' என்ன, 'மிகச் சிறந்த' பதில் எது.

2022-ல் தேர்வை நடத்தும் அமைப்பே தேர்ச்சி விவரத்தை வெளியிட்டது. கிளினிக்கல் தேர்வை முதல் முறை எழுதி வென்ற வெள்ளையர்கள் சுமார் 84 சதவீதம்; கறுப்பினத்தவர் சுமார் 45 சதவீதம். இருவரும் ஒரே பட்டம் முடித்தவர்கள். யாருடைய குடும்பத்தை இயல்பு என்று வைத்துக் கேள்வி எழுதப்படுகிறது, யாருடைய பதில் 'சிறந்தது' ஆகிறது என்ற விவாதம் அங்கே இன்னும் ஓயவில்லை. அந்தத் தேர்வை அப்படியே இறக்குமதி செய்தால் அந்த விவாதமும் கூடவே இறக்குமதியாகும். இங்கே அது சாதி, மதம், மொழி, கடற்கரை, மலையோரம் என்று வேறு உருவம் எடுக்கும்.

கோட்பாடுகள் எங்கே பிறந்தன?

வளர்ச்சிக் கோட்பாடுகளை வானத்திலிருந்து விழுந்தவை மாதிரி மனப்பாடம் செய்வதுதான் நம் வகுப்பறைப் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஊர் உண்டு, வீடு உண்டு. பியாஜே குழந்தையின் சிந்தனை வளர்ச்சியைப் பற்றி எழுதியதில் ஒரு முக்கியமான பகுதி தன் சொந்தப் பிள்ளைகள் மூவரைத் தொட்டில் பருவத்திலிருந்து கவனித்து எழுதியது. தாய்-சேய் பிணைப்பு பற்றிய பௌல்பியின் 1951 அறிக்கை, போருக்குப் பின் வீடிழந்து நின்ற குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் கேட்டு வாங்கியது. பௌல்பியோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த், பிணைப்பை முதலில் களத்தில் ஆராய்ந்தது உகாண்டாவில். 1950-களில் கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பாட்டி, சித்தி, அக்கா என்று பல கைகள் மாறி வளரும் குழந்தைகளை அங்கே கண்டார். அமெரிக்க ஆய்வகத்தில் நடந்த அந்தப் பிரபலமான சோதனை அதற்குப் பிறகு வந்தது. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆய்வகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், உகாண்டாவை மறந்துவிடுகிறார்கள்.

எரிக்சன் கதை இன்னும் சுவாரசியம். வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்த அவருடைய புத்தகம் வந்தது 1950-ல். 1962-ல் வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்குக்காக அகமதாபாத் வந்தார். 1918-ல் அங்கே நடந்த ஆலைத் தொழிலாளர் போராட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன் விளைவாகக் காந்தியைப் பற்றி 1969-ல் அவர் எழுதிய நூல் புலிட்சர் பரிசு வாங்கியது. அவரோடு பணியாற்றிய சுதீர் கக்கர், எரிக்சனின் கட்டங்களையும் பிரம்மச்சரியம் முதல் சன்னியாசம் வரையிலான ஆசிரம முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிற்பாடு இந்தியக் குழந்தைப் பருவம் பற்றித் தனியாகவே 1978-ல் ஒரு நூல் எழுதினார். கோட்பாட்டைச் சொன்னவரே ஊர் ஊராகப் போய்ச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு மட்டும் எட்டுக் கட்டங்களும் ஒரு அட்டவணை, அவ்வளவுதான்.

அட்டவணை எங்கே இடறுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். இளமையில் ஒருவர் தன்னைத் தேடிப் பார்க்காமலே ஒரு வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டால், 1966-ல் ஜேம்ஸ் மார்சியா வகுத்த முறைப்படி அதற்கு 'முன்கூட்டியே மூடிய அடையாளம்' என்று பெயர். பிளஸ் டூ முடித்ததும் மாமாவோடு விசைப்படகில் ஏறும் சின்னத்துறைப் பையனையும், 21 வயதில் வளைகுடாவுக்கு ஃப்ளைட் ஏறி வீட்டுக் கடனை அடைக்கும் மார்த்தாண்டத்துப் பையனையும் அந்தப் பெட்டிக்குள் தள்ளிவிடுவது ரொம்ப சுலபம். அவர்களில் சிலருக்கு அது பொருந்தவும் செய்யலாம். பொருந்துகிறதா என்று கேட்காமலே தள்ளுவதுதான் பிரச்சினை. குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதையே தன் அடையாளமாகத் தேர்ந்தெடுத்த ஒருவரிடம் 'நீங்க இன்னும் உங்களைக் கண்டுபிடிக்கலை' என்று சொன்னால் அவர் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார்.

ஓகியும் 'தெளிவற்ற இழப்பு'ம்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் கன்னியாகுமரி கடற்பகுதியைக் கடந்தது. அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளை எச்சரிக்கை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்து நிற்கும் ஊர்களில் வீட்டுக்கு வீடு காத்திருப்பு தொடங்கியது. மீட்புப் பணியை விரைவுபடுத்தச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மீனவ மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பலருடைய உடல்கள் கரைக்கு வரவே இல்லை. காணாமல்போன ஒருவரை இறந்தவராகக் கருதச் சாட்சியச் சட்டப்படி ஏழு ஆண்டு காத்திருக்கவேண்டும். அந்தக் குடும்பங்களுக்காக அரசு அதுவரை காத்திருக்காமல் நிவாரணம் வழங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் ஒரு காகிதம் ஒரு ஆளை இறந்தவராக்கிவிடும் என்று வீட்டில் இருப்பவர் நம்பவேண்டிய கட்டாயம் இல்லை.

துக்கத்தின் ஐந்து நிலைகள் என்று எல்லோரும் சொல்வது எலிசபெத் கூப்லர்-ராஸ் 1969-ல் எழுதிய நூலிலிருந்து வந்தது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. அவர் பேசியது சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளோடு. இழந்தவர்களுக்கு, அதிலும் உடலே கிடைக்காத வீடுகளுக்கு, அந்த ஐந்தையும் வரிசையாகப் பொருத்துவது அந்த ஆய்வு தாங்காத சுமை.

இங்கே கைகொடுக்கும் பெயர் பாலின் பாஸ். வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க வீரர்களின் மனைவிகளோடு 1970-களில் வேலை செய்தவர். 'தெளிவற்ற இழப்பு' என்ற சொல்லைக் கொடுத்தார். 1999-ல் அதே தலைப்பில் புத்தகம் எழுதினார். ஆள் இல்லை, ஆனால் மனசில் இருக்கிறார். ஆள் இருக்கிறார், ஆனால் மறதி நோயால் மனசில் இல்லை. இந்த இரண்டு வகை இழப்பிலும் குழப்பம் சூழ்நிலையில் இருக்கிறது, அந்த ஆளிடம் இல்லை என்பதுதான் அவர் வாதம். 'முடித்துக்கொள்' என்று தள்ளினால் எதிர்ப்புதான் வரும். 'அவர் வரலாம், வராமலும் போகலாம். நாளைக்குப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்' என்று இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுவதே அவர் காட்டும் வழி.

அதனால் 'ஈ'தான் முதல் வேலை. 'ஆ'வும் எப்போதும் தவறு என்று சொல்லிவிட முடியாது. உறக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நானும் போயிருதேன்' என்ற பேச்சு வருகிறது என்றால் மருத்துவரிடம் அனுப்புவது அன்றே நடக்கவேண்டும். நீண்டகாலத் துக்கக் கோளாறு என்ற நோய்ப்பெயர் 2022 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதம் என்பது அதன் கணக்கு. ஆனால் அந்தச் சமூகத்தின், சமயத்தின் வழக்கத்தை மீறிய துக்கமாக இருக்கவேண்டும் என்று அதே வரையறை நிபந்தனை போடுகிறது. வழக்கம் என்ன என்று தெரியாதவர் அந்த வரையறையைப் பயன்படுத்தவே முடியாது. ஆண்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதத்துக்கும் மேல் கடலில் இருந்துவிட்டுத் திரும்பும் ஊரில் காத்திருப்பது ஒரு பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே பழகிய வேலை.

அந்த ஊர்ப் பிள்ளையின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ளத் தேர்வுப் பாடத்திலேயே நல்ல கருவி ஒன்று இருக்கிறது. யூரி பிரான்ஃபன்பிரென்னர் 1979-ல் சொன்ன சூழலியல் வளையங்கள். வீடு, பள்ளி என்ற உள்வளையங்களுக்கு வெளியே, குழந்தை காலே வைக்காத, ஆனால் குழந்தையின் வாழ்க்கையை ஆட்டிவைக்கும் ஒரு வளையம் உண்டு என்றார். அப்பாவின் அலுவலகம் என்பதுதான் பாடப்புத்தக உதாரணம். தூத்தூர்ப் பிள்ளைக்கு அந்த வளையம் கொச்சித் துறைமுகத்தின் மீன் விலை, டீசல் விலை, வானிலை மையத்தின் அறிவிப்பு, நடுக்கடலில் சிக்னல் கிடைக்கும் கருவி. கோட்பாடு அருமையாகப் பொருந்துகிறது. உதாரணத்தை மட்டும் மாற்றவேண்டும்.

தாய்மாமன் எந்த அத்தியாயத்தில்?

கடற்கரையை விட்டு உள்ளே வந்தால் நாஞ்சில் நாட்டில் வேறொரு பாடம். ஃப்ராய்டின் முக்கோணத்தில் தந்தையே அம்மாவின் கணவர், அவரே வீட்டின் அதிகாரம். மருமக்கள் வழி இருந்த குடும்பங்களில் இந்த இரண்டும் இரண்டு ஆட்கள். சொத்தும் கட்டளையும் காரணவரான தாய்மாமன் கையில்; அப்பா வேறொரு குடும்பத்தின் காரணவர். திருவிதாங்கூர் அரசு 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்து இதற்கு முடிவு கட்டும்வரை சொந்தப் பிள்ளைக்கும் மருமகனுக்கும் நடுவே நடந்த இழுபறியை, தேரூர்க்காரரான கவிமணி மருமக்கள் வழி மான்மியத்தில் நையாண்டியாகப் பாடிவைத்தார். அடுத்த வருடமே, 1927-ல், மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி ட்ரோப்ரியாண்ட் தீவுகளின் தாய்வழிக் குடும்பங்களை வைத்து, பையனின் மோதல் அங்கே தாய்மாமனோடுதான், அப்பாவோடு இல்லை என்று ஃப்ராய்டுக்கு மறுப்பு எழுதினார். அந்தப் புத்தகத்துக்கு நாஞ்சில் நாட்டிலிருந்தே அடிக்குறிப்பு அனுப்பியிருக்கலாம்.

அந்த முறை போய் நூறு வருடம் ஆகப்போகிறது. இன்றைய நாகர்கோவில் வீடுகளில் காரணவர் கிடையாது. ஆனால் ஒரு சிக்கல் வந்தால் யாரிடம் முதலில் போன் போகிறது, கல்யாணத்துக்கும் கடனுக்கும் யார் தலையாட்டவேண்டும் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். 'அப்பா என்ன செய்கிறார்?' என்று படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் வைத்துவிட்டு அதற்குக் குடும்ப வரலாறு என்று பெயர் சூட்டினால், யாரிடம் பேசினால் வேலை நடக்குமோ அவர் பெயரே கோப்பில் இருக்காது.

எம்.ஃபில் போனது, அடுத்து?

வினாத்தாள் விஷயத்தைவிட உடனடியாகக் கழுத்தைப் பிடிக்கும் பிரச்சினை ஒன்று இருக்கிறது. மனநல சமூகப்பணியாளர் யார் என்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுக்கிறது: சமூகப்பணியில் முதுநிலைப் பட்டம், அதோடு மேற்பார்வையுடன் கூடிய இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி அடங்கிய மனநல சமூகப்பணி எம்.ஃபில். எம்.எஸ்.டபிள்யூ-வில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுத்துப் படித்துவிட்டு மருத்துவமனையிலும் போதை மறுவாழ்வு மையத்திலும் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அனுபவம் எவ்வளவு இருந்தாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் அவர்கள் மனநல சமூகப்பணியாளர்கள் கிடையாது. இது தெரியாமலே பலர் அந்தப் படிப்பில் சேருகிறார்கள்.

இதற்கு நடுவே, 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் உளவியலுக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுவரை விலக்கு கொடுத்தது. ஒரு சட்டம் கட்டாயம் என்று கேட்கும் பட்டத்தை இன்னொரு விதி வாழ்நாள் குறித்து வைத்திருக்கிறது. மாற்றுப் படிப்பு என்ன பெயரில் வந்தாலும், அந்த இரண்டு வருட மேற்பார்வைப் பயிற்சி சுருங்கிவிடக் கூடாது. கோட்பாட்டை ஒரு ஆளிடம் பொருத்திப் பார்த்து, தப்பாகப் பொருத்தி, மூத்தவரிடம் திட்டு வாங்கித் திருத்திக்கொள்ளும் இடம் அது ஒன்றுதான். எந்தத் தேர்வும் அதற்கு ஈடாகாது.

தேர்வு வரும்போது குறைந்தபட்சம் மூன்று விஷயங்களை ஆணையம் உறுதி செய்யலாம். கேள்விகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுதவேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தால் 'அவிய வந்திருவாவ' என்பதில் இருக்கும் மரியாதையும் உறுதியும் முதலிலேயே தொலைந்துவிடும். வெவ்வேறு வட்டாரங்களில் களத்தில் இருப்பவர்களைக் கேள்வி எழுத உட்காரவைக்கவேண்டும்; இங்கே சுனாமியும் ஓகியும் பார்த்த சமூகப்பணியாளர்கள் இருக்கிறார்கள். கூடவே, யார் எவ்வளவு பேர் தேறினார்கள் என்ற விவரத்தை முதல் ஆண்டிலிருந்தே வெளியிடவேண்டும். அமெரிக்கா அதைச் செய்யப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது.

எரிக்சனையும் பௌல்பியையும் தூக்கிப்போடச் சொல்லும் குரல்களும் உண்டு. 'நம்ம ஊருக்கு நம்ம உளவியல்' என்ற கோஷம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தெளிவற்ற இழப்பு என்ற சொல்லைக் கொடுத்தது வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் மனைவிகளின் அனுபவம். அது வள்ளவிளைக்கு உதவுகிறது. வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு கோட்பாட்டைத் தள்ளக் காரணம் ஆகாது, இறுதி வார்த்தையாக எடுத்துக்கொள்ளவும் காரணம் ஆகாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. சர்வதேச அளவுகோலின்படி தேவையான எண்ணிக்கையில் மனநலப் பணியாளர்களை உருவாக்க அரசுகளுக்கு அந்தச் சட்டம் கொடுத்த அவகாசம் பத்து ஆண்டுகள். அது 2028 மே மாதத்தோடு முடிகிறது. மாநில மனநல ஆணையம் தன்னிடம் பதிவு செய்த மனநல சமூகப்பணியாளர்களின் பட்டியலை வெளியிடவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அடுத்த வருடம் எம்.எஸ்.டபிள்யூ முடிக்கப்போகும் ஒருவர் கல்லூரியிலும் ஆணையத்திலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பட்டியலில் பெயர் வர, எம்.ஃபிலுக்குப் பதிலாக இனி எந்தப் படிப்பு?